ஏழு பொட்டலத்தில் இரண்டு

அத்தியாயம் 11

"இந்தக் கடையில என்னைத் தவிர மற்ற எல்லாம் காய்ஞ்சுதான் கிடக்குது அக்கா" என்றான் கஜமுகன், கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஹூஸ்டன். ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. பெல்லேர் பொலிவார்டில் ஒரு பேக்கரிக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது லின்னின் மூலிகைக் கடை. ஏசி வேலை செய்யவில்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வேர், பட்டை, பூ, கொட்டை. பழுதுபார்க்க ஆள் வரச் சொல்லவும் லின்னுக்கு இப்போது மனமில்லை. கதவில் ‘மூடப்பட்டுள்ளது’ என்று அட்டை தொங்கி ஒரு வாரமாகிறது.

ஷ்யாமளா திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் ஃபார்மசிஸ்ட்டாக இருந்துவிட்டு, ஐம்பதாவது வயதில் துப்பறியும் லைசென்ஸ் வாங்கியவள். சிரிப்பை மாத்திரை மாதிரி எண்ணித்தான் கொடுப்பாள். கஜமுகன் அவளிடம் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அதற்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் மற்றவர்களுடைய பொய்களைப் படித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரன், நூற்றுப் பத்துக் கிலோ, வாய் மட்டும் தனியாக ஒரு பத்துக் கிலோ.

"இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்டர் லின்" என்றாள் ஷ்யாமளா ஆங்கிலத்தில். "மீரான் மைதீன் உங்க கடைக்கு வந்தாரா, இல்லையா?"

"வந்தார். மனைவி ரசியாவும் வந்தார்." லின்னுக்கு எழுபது வயதிருக்கும். கைகளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார், யாரோ சோதனை போடப்போகிற மாதிரி. "தொண்டையில் ரேடியேஷன். வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை என்றார். அவ்வளவுதான். என் மருந்து உங்களுக்கு ஆகாது, முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். சீன எழுத்து. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

"இதைத் திங்கக்கிழமை லைசென்ஸ் வாரியத்தில காட்டினா என்ன சொல்லுவினம் தெரியுமோ?" என்றான் கஜமுகன் தமிழில். "நேற்று ராத்திரி எழுதினதெண்டு சொல்லுவினம். நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன். பன்னிரண்டு வருஷம் அதைத்தானே சொன்னனான்."

அவன் சொன்னது கிண்டலில்லை. விஷயம் அப்படித்தான் இருந்தது. பதினொரு நாட்களுக்கு முன்பு மீரான் மைதீன் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் லின்னின் சிவப்பு முத்திரை குத்திய இரண்டு பழுப்புக் காகிதங்கள் கிடைத்தன. அடுப்பில் இருந்த சக்கையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினான் மகன். அதில் இருந்த ஒரு சிவப்பு வேர் ரத்தத்தை இளக்கும் என்றார்கள். ஏற்கெனவே மாத்திரையால் இளகிய ரத்தம், வாரக்கணக்கில் சரியாகச் சாப்பாடு இறங்காத உடம்பு. இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை விசாரணை. லின்னின் லைசென்ஸ் போகும் என்பது நிச்சயம். அதற்கப்புறம் போலீஸ் காத்திருக்கிறது.

"பொட்டலத்தை எப்படிக் கொடுப்பீங்க? காட்டுங்க" என்றாள் ஷ்யாமளா.

லின் எழுந்தார். ஏழு பழுப்புக் காகிதங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். நாளைக்கு ஒன்று, வாரத்துக்கு ஏழு. ஒவ்வொன்றிலும் முத்திரை. பிறகு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பையில் போட்டு, அதன்மேல் நோயாளியின் பெயர், அவர் சாப்பிடும் மாத்திரைகள், உள்ளே இருக்கும் மூலிகைகள், காய்ச்சும் முறை எல்லாம் அச்சடித்த தாளை ஒட்டினார்.

"பொட்டலத்தின் மேல் பெயர் எழுத மாட்டீர்களா?"

"பை மேல் மட்டும்தான்." லின் பையைத் தடவிக்கொண்டார். "இந்தப் பை இல்லாமல் ஒரு பொட்டலம்கூட இந்தக் கதவைத் தாண்டாது. மிஸஸ் நேசமலரைக் கேளுங்கள். அவர் என் பையை அப்படியே கொண்டுபோய் ரேடியேஷன் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் படித்துப் பார்த்துச் சரி என்றார். அவர் நல்ல நோயாளி. பொட்டலம் தீரும் முன்பே வந்துவிடுவார்."

ஷ்யாமளா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, லின்னிடம் ஏதோ கேட்டு, அவர் காட்டிய ஒரு பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் என்று கஜமுகன் எட்டிப் பார்த்தான். சீன எழுத்துக்களும் தேதிகளும்தான் தெரிந்தன. கேட்டாலும் அவளிடம் பதில் கிடைக்காது.

நேசமலர்தான் இந்தக் கேஸைக் கொண்டுவந்தவர். அறுபத்துமூன்று வயது. தெல்லிப்பழையில் பிறந்தவர், ஹூஸ்டனில் டேகேர் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் தர்சனா சான்டா கிளாராவில் ஒரு சிப் கம்பெனியில் வேலை, தினமும் வீடியோவில் வருவாள். நாக்கில் புற்றுநோய். மீரான் போன அதே ஆஸ்பத்திரியில் முப்பத்துமூன்று ரேடியேஷனில் இருபத்தேழு முடிந்துவிட்டது, இன்னும் ஆறு. பேச முடியாது. மூன்று நாள் முன்பு அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித்தான் பேசினார். ‘லின் பிழை விடுற மனுசன் இல்லை. என்னை ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டவர். அவரைக் காப்பாத்தித் தாங்கோ.’

லின்னின் மருந்தா, லின் மேல் வைத்த நம்பிக்கையா, எதுவோ ஒன்று அவர் வாய்ப்புண்ணைக் கொஞ்சம் ஆற்றியிருந்தது. நான்கு ஸ்பூன் கஞ்சியாவது இறங்கியது. நாலு ஸ்பூன் என்பது அந்த நிலையில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் எழுதிக் காட்டித்தான் கஜமுகனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவன் அதிகம் ஜோக்கடிக்கவில்லை. கைகழுவப் போனபோது அடுக்களையில் கவிழ்த்துக் காயவைத்திருந்த ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் ‘மீ. மை. 12.6.91’ என்று பொறித்திருந்ததைப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணத்தில் சுட்டது என்று கேட்கலாமா என நினைத்து, அதையும் விழுங்கிவிட்டான்.

*

மீரானின் வீடு ஸ்டாஃபோர்டில் இருந்தது. டிரைவ்வேயில் மகன் ஷாஹுல் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும், ஆயில் கம்பெனி இன்ஜினியர். பதினொரு நாள் தாடி.

"ஆன்ட்டி, நீங்க உள்ள போங்க. உம்மா இத்தால இருக்காங்க" என்றான். பிறகு கஜமுகனைப் பார்த்து, "அங்கிள், நீங்க ப்ளீஸ் இங்கயே வெயிட் பண்ணுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களைப் பார்க்காமல் வீட்டோடு இருக்கிற காலம். அது கஜமுகனுக்குத் தெரியும். ‘அங்கிள்’தான் கொஞ்சம் வலித்தது.

"எனக்கு நாப்பத்தொண்டுதான் தம்பி" என்றான். ஷாஹுல் சிரிக்கவில்லை. சிரிக்கிற வீடும் இல்லை அது.

இருவரும் கராஜ் நிழலில் நின்றார்கள். ஷாஹுல் சட்டைப்பையிலிருந்து ஒரு ஜிப்லாக் கவரை எடுத்தான். உள்ளே அந்த இரண்டு பழுப்புக் காகிதங்கள். எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போகிறான் போலிருக்கிறது.

"இதுதான். ஒரிஜினல் லாயர்கிட்ட கொடுக்கணும். கொடுக்க மனசு வரல."

"இதோட ஒரு வெள்ளைப் பை இருந்ததோ? பேர் எழுதின பை?"

"இல்ல. முழு ட்ராஷையும் கொட்டித் தேடினேன். ஜஸ்ட் திஸ்." அவன் கவரை மடித்தான், மறுபடி பிரித்தான். "அங்கிள், வாப்பா கடைசி ரெண்டு வாரம் எச்சில் முழுங்கவே அவ்வளவு கஷ்டப்பட்டாரு. பேப்பர் கப்ல துப்பிட்டே இருப்பாரு. நாற்பது வருஷம் மளிகைக் கடைல கத்திக் கத்தி வியாபாரம் பண்ணின மனுஷன். நான் டெய்லி ஆஃபீஸ் போயிட்டேன். உம்மாதான் ரேடியேஷனுக்கு டிரைவ் பண்ணிட்டுப் போவாங்க. நான் ஒரு நாள் லீவு போட்டு அந்தச் சைனாக்காரன் யாருன்னு போய்ப் பாத்திருந்தா..."

முடிக்காமல் கவரைக் கஜமுகனிடம் நீட்டினான்.

"யார் வாங்கினதெண்டு உம்மாட்டக் கேட்டனீங்களோ?"

"கேட்டேன். ‘அல்லாஹ் நாட்டம், யாரையும் குத்தம் சொல்லாதே வாப்பா’ன்னு ஒரே பதில். கம்ப்ளெயின்ட் பண்ணினது அவங்களுக்குத் தெரியாது. இத்தா முடியட்டும்னு சொல்லாம வெச்சிருக்கேன்."

கஜமுகன் அந்தக் காகிதங்களைப் பார்த்தான். பையில்லாத பொட்டலம். லின் சொல்வது உண்மையென்றால் இது கடையில் வாங்கியதில்லை. கடையில் வாங்கிய யாரோ பையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, உள்ளிருந்ததில் இரண்டை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்திருந்தால் இந்த இடத்தில் அவனுக்கு உற்சாகம் பிறந்திருக்கும்.

அரை மணி கழித்து ஷ்யாமளா வெளியே வந்தாள். கையில் டிஷ்யூ பேப்பரில் எதையோ சுற்றி வைத்திருந்தாள். ஷாஹுலின் தோளைத் தட்டிவிட்டு, "உம்மாகிட்ட கம்ப்ளெயின்ட் விஷயத்தைச் சொல்லிட்டேன். கோச்சுக்காதே. அவங்களுக்குத் தெரியணும்" என்று மட்டும் சொல்லி காரில் ஏறினாள்.

*

தெரு முனையில் காரை ஓரங்கட்டச் சொன்னாள்.

"என்ன சொன்னவா?" என்றான் கஜமுகன்.

"ஒண்ணும் சொல்லல. யார் கொடுத்ததுன்னு மூணு தடவை கேட்டேன். வாயே திறக்கல. லின் மேல கேஸுன்னு சொன்னதும் முகம் செத்துப்போச்சு. ‘அவரு தர மாட்டேன்னுட்டாரே’ன்னாங்க. மறுபடி கேட்டேன், யார்தான் கொடுத்தாங்கன்னு. எழுந்து உள்ள போனாங்க. டீயோட திரும்பி வந்தாங்க. கூட ஒரு தட்டுல இதை வெச்சு, ‘சாப்பிடுங்க’ன்னு என் முகத்தையே பாத்துட்டு உட்கார்ந்துட்டாங்க."

டிஷ்யூவைப் பிரித்தாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி ஓலைப்பெட்டி. அதற்குள் இறுகிப்போன பழுப்புக் கட்டி.

"கருப்பட்டி" என்றாள். "அவங்க காயல்பட்டினம் பக்கம். கருப்பட்டி சாப்பிடற ஊர்தான். ஆனா டீயில சர்க்கரை போட்டிருந்தது. அப்புறம் எதுக்கு இது?"

கஜமுகன் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். வழக்கமாகச் சாப்பாட்டுச் சாமான் அவன் கைக்கு வந்தால் அதன் ஆயுள் பத்து விநாடி. இப்போது கடிக்கவில்லை.

"அக்கா, அவையின்ர கருப்பட்டி சிரட்டையில ஊத்துறது. வட்டமா இருக்கும். இப்பிடி ஓலைக் குட்டானுக்குள்ள ஊத்துறது எங்கட ஆக்கள்தான். இது யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி. ஹில்கிராஃப்ட் கடைத்தெரு முழுக்க அலைஞ்சாலும் வாங்கேலாது, நான் அலைஞ்சு பாத்தனான். ஊரிலயிருந்து ஆரும் கொண்டுவந்து குடுத்தாத்தான் உண்டு."

"சரி. இந்தக் கேஸ்ல யாழ்ப்பாணத்து ஆள் யாரு?"

"நான் ஒருத்தன்."

"நீ கொடுத்தியா?"

"நான் பனங்கட்டியைக் கையில எடுத்தா மற்றவைக்குக் குடுக்கிற ஆளோ?" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். நேசமலரின் அடுக்களை, கவிழ்த்து வைத்த ஒரு தூக்குவாளி, அதில் பொறித்திருந்த எழுத்துக்கள்.

மீ. மை. மீரான் மைதீன்.

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயரைப் பொறித்து வாங்குவது தமிழ்நாட்டு வழக்கம். கல்யாணச் சீர் என்றால் தேதியும் சேரும். கஞ்சி கொண்டுபோகிற அளவு வாளி அது.

"அக்கா" என்றான். "ரசியா அக்கா கஞ்சி காய்ச்சிக் குடுத்திருக்கிறா. தன்ர மனுசனுக்குக் காய்ச்சேக்க இவவுக்கும் சேர்த்து. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில ரேடியேஷன், ஒரே நேரம். வெயிட்டிங் ரூமில நாளாந்தம் சந்திச்சிருக்கினம். ரெண்டு வாளி. ஒண்டு போக மற்றது வரும்."

"வர்றப்ப?"

"வரேக்க வெறுமையா வராது. எங்கட சனம் ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறேல்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுக்கும்." அவன் ஓலைக் குட்டானைப் பார்த்தான். "ஒரு நாள் பனங்கட்டி வந்திருக்கு."

"இன்னொரு நாள்?" என்று கேட்ட ஷ்யாமளா, பதிலுக்குக் காத்திராமல் ஃபோனைத் திறந்து லின்னின் பதிவேட்டுப் படத்தை நீட்டினாள். "நேசமலருக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் ஏழு பொட்டலம். நாலு வாரமா ஒரு நாள் மாறல. மீரான் இறந்த அந்த வாரம் மட்டும் திங்கக்கிழமையே போய் நிக்கறாங்க. ரெண்டு நாள் முன்னாடி. ரெண்டு பொட்டலம் குறைஞ்சிருக்கு. தீரும் முன்பே வருவார்னு லின் பெருமையா சொன்னாரே, அதான் இது. வெள்ளிக்கிழமை வாளி கைமாறியிருக்கு. சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை காலைல ஒண்ணு. அன்னிக்கு சாயங்காலம் மீரான் விழுந்தாரு."

ஏசி காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கஜமுகனுக்கு அப்போதும் வியர்த்தது.

"அவ தெரிஞ்சு செய்யேல்லை அக்கா. அவர் இதயத்துக்கு என்ன குளிசை போடுறவரெண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்? லின் தரமாட்டன் எண்டு சொன்னதும் தெரிஞ்சிராது. தனக்குச் சுகம் தந்ததைக் குடுத்திருக்கிறா."

"எனக்கும் தெரியும்."

"இன்னும் ஆறு ரேடியேஷன் இருக்கு. இதைச் சொன்னா அவ போவாவோ? சாப்பிடுவாவோ? முடியட்டும் அக்கா. ஆறே ஆறு நாள்."

"திங்கக்கிழமை விசாரணை, கஜா. அந்த லின் கையை விரிச்சு மேஜைமேல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பாத்தே இல்ல? அவரைக் காப்பாத்தச் சொல்லித்தான் இந்தம்மா நம்மகிட்ட வந்தாங்க. காப்பாத்த ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு." ஷ்யாமளா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "நான் கேட்டா விசாரணை மாதிரி இருக்கும். நீ கேளு. உன் பாஷைல கேளு."

துப்பறியும் வேலையில் கண்டுபிடிக்கிற நிமிஷம்தான் இனிப்பானது என்று அவன் பார்ட்டிகளில் சொல்லிக்கொண்டு திரிவான். கையில் இருந்த பனங்கட்டியை டிஷ்யூவில் சுற்றி கதவுப் பொந்தில் வைத்தான். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

*

நேசமலர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கழுத்துத் தோல் கருகி, அதன்மேல் களிம்பு பளபளத்தது. இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பலகையை எடுத்து எழுதினார். ‘லின்னுக்கு நல்ல செய்தியோ?’

"ஓம் அன்ரி" என்றான் கஜமுகன். அது பொய்யில்லை. அதுதான் கொடுமை. "அவர் குடுக்கேல்லை எண்டு நிரூபிக்கலாம் போல இருக்கு. அதுக்கு ஒரு விஷயம் கேக்கோணும்."

அவர் தலையாட்டினார். ஆசிரியை கேள்வியை எதிர்பார்க்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரசியா அக்கா உங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து தந்தவா என்ன?"

‘ஒவ்வொரு நாளும். நோன்புக் கஞ்சி. நல்லா மசிச்சு. அது மட்டும்தான் இறங்கினது. தங்கமான பிள்ளை. பாவம்.’ எழுதி, துடைத்து, மறுபடி எழுதினார். ‘செத்த வீட்டுக்குப் போகேல்லை. எனக்கு நிக்க ஏலாது. வாளி ஒண்டு இன்னும் இஞ்ச கிடக்கு.’

"நீங்கள் வாளியைத் திருப்பிக் குடுக்கேக்க..."

முடிக்க விடவில்லை. கண்ணில் ஒரு சின்னக் குறும்பு வந்தது. ‘வெறுமையாக் குடுப்பனோ? முதல் நாள் பனங்கட்டி. பிறகு பின்வளவு எலுமிச்சங்காய். பிறகு முந்திரிகை வத்தல், தேயிலை.’

"கடைசி நாள், அன்ரி? வெள்ளிக்கிழமை?"

பேனா ஓடியது. ‘வீட்டில ஒண்டும் இருக்கேல்லை. நான் சமைக்கிறேல்லை, கடைக்குப் போறேல்லை. வயித்துக் குழாயில விடுற பால்தான் கிடந்தது. அதை எப்பிடிக் குடுக்கிறது? லின்னின்ர மருந்தில ரெண்டு வைச்சன். அவருக்கும் வாய் ஆறட்டும் எண்டு.’

எழுதிவிட்டுப் பலகையை அவன் பக்கம் திருப்பினார். பாராட்டை எதிர்பார்க்கிற முகம். கஜமுகன் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷ்யாமளாதான் அவர் காலடியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள். மீரான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை. அந்தச் சிவப்பு வேர் செய்கிற வேலையை. நேசமலருக்கு அது ஏன் கெடுதல் செய்யவில்லை, மீரானுக்கு ஏன் செய்தது என்பதை. லின் ஏன் அவருக்குத் தர மறுத்தார் என்பதை. எதையும் சுற்றிவளைக்கவில்லை, எதையும் கூட்டவுமில்லை.

நேசமலர் முழுவதும் கேட்டார். அழ முடியாத வாய் அது. அழுதால் உள்ளே கிழியும். கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கி, கழுத்துக் களிம்பில் பட்டபோது அவர் உடம்பு ஒருமுறை துடித்தது.

கஜமுகன் தாங்காமல் மேஜையிலிருந்த அழிப்பானை எடுத்துப் பலகையில் வைத்தான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான கை, ஆனால் விடவில்லை. பேனாவை எடுத்து அந்த வரிகளுக்குக் கீழே தன் முழுப் பெயரை எழுதினார். தேதி போட்டார். ஷ்யாமளாவின் ஃபோனைக் காட்டிப் படம் எடுக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

ஷ்யாமளா எடுத்தாள். லின்னின் கடைக் கதவில் தொங்கிய அட்டை அந்த ஒரு படத்தில் கழன்று விழுந்துவிடும்.

பிறகு அவரே பலகையைத் துடைத்தார். மறுபடி எழுதினார். ‘ரசியாவுக்குத் தெரியுமோ?’

"முதல் நாளே தெரியும்" என்றாள் ஷ்யாமளா. "மகன்கிட்டகூட சொல்லல. நான் கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்தாங்க. யாரைப் பத்தின்னு பேர் சொல்லல. ‘அவங்க இப்ப என்ன சாப்பிடுறாங்க’ன்னு மட்டும் கேட்டாங்க."

நேசமலர் பலகையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கஜமுகன் தாங்கப் போனான், வேண்டாமென்று தலையசைத்தார். அடுக்களைக்குப் போய், கவிழ்ந்திருந்த அந்தத் தூக்குவாளியை எடுத்தார். ஏற்கெனவே துலக்கிக் காய்ந்திருந்ததைத் துணியால் மறுபடி துடைத்தார். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தார், மூடினார். ஃப்ரிட்ஜைத் திறந்தார், மூடினார். மேடை ஓரத்தில் அவர் பெயர் ஒட்டிய வெள்ளைப் பை இருந்தது. உள்ளே பொட்டலங்கள். அதைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார்.

பிறகு வாளியை மூடிக் கொண்டுவந்து கஜமுகனிடம் நீட்டினார்.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கனமே இல்லை.

"திங்கக்கிழமை காலைல பத்தரைக்கு நான் வருவன் அன்ரி, ரேடியேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போக" என்றான். "வரமாட்டன் எண்டு சொல்லாதேங்கோ. இந்த ஆறு நாளும் நான்தான் ட்ரைவர்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

ஃப்ரீவேயில் ஏறியதும், இம்முறை காரை ஓட்டிய ஷ்யாமளா, "ஹில்கிராஃப்ட்ல நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள். "அரைக் கிலோ சர்க்கரை வாங்கிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துடலாம். அவங்க கொடுத்ததாவே இருக்கட்டும்."

கஜமுகன் மடியில் இருந்த வாளியின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தான். பிடிக்காவிட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது சத்தம் போட்டது.

"வேண்டாம் அக்கா" என்றான். "அன்ரி வெறுமையாத்தான் தந்தவா. அப்பிடியே குடுப்பம்."